இடி சொன்னதும் நான் சொன்னதும்

"நான் தப்புப் பண்ணலன்னு சொல்லு," என்றாள் அக்கா.

நான் மிஷன் தலைவரிடம் அவருடைய மொழியில் சொன்னேன்: "நடந்ததை நினைத்து வருத்தப்படுகிறாள்."

அவர் தலையசைத்தார். "துணையை விட்டுவிட்டு நான்கு மணி நேரம் தனியாகப் போயிருக்கிறாள். ஏன் என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"அந்தப் பையன்தான் காரணம். அவன் வாய்க்குக் கதவே கிடையாது. உள்ள சொன்னதை வெளிய வந்து ஊருக்கே சொன்னான். அந்தம்மாவுக்கு வேலை போச்சு. நான் என்ன, தொட்டியில தண்ணி நிரம்புதான்னு பாத்துட்டு நிக்கணுமா? நாளைக்கு நடந்தாலும் போவேன். நூறு தடவை போவேன். இதை அப்படியே சொல்லு."

"அந்தப் பெண்மணியைப் பற்றி மிகவும் கவலைப்பட்டாள்," என்றேன். "யோசிக்காமல் போய்விட்டாள்."

"இளகிய மனம்," என்றார் தலைவர். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அவன் அந்த பேக்கரிக்குப் போகணும். அதே ஆளுங்க முன்னாடி நின்னு, நான் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன்னு மன்னிப்புக் கேக்கணும். இவர் அவனை அனுப்பணும். முடியாதுன்னா சொல்லச் சொல்லு, நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"அந்தப் பெண்மணிக்காக நீங்கள் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று கேட்கிறாள்," என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோனார். அங்கேயே கண்களை மூடிப் பிரார்த்தனை செய்தார். அதை மட்டும் நான் அக்காவுக்கு ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

எங்களை மோர்மன்கள் என்பார்கள். எங்கள் சபையில் இளவயதில் சொந்த ஊரை விட்டுப் போய் ஊழியம் செய்கிறவர்கள் உண்டு. பெண்களுக்குப் பதினெட்டு மாதம். இரண்டு இரண்டு பேராகப் போய்க் கதவு தட்டிப் பேச வேண்டும். அந்த இரண்டு பேரும் எப்போதும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி, கூப்பிட்டால் கேட்கும்படி இருக்க வேண்டும். ஒருத்தி பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தால் இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் கடிதம் வரும். ஜோடி மாறலாம், ஊர் மாறலாம். அப்படித்தான் அக்கா எனக்குத் துணையாக வந்தாள். விதிப்படி நான் அவளைச் 'சகோதரி' என்று கூப்பிட வேண்டும். இரண்டாம் நாளே அவள், "சகோதரி சகோதரின்னு நாடகத்துல கூப்பிடற மாதிரி கூப்பிடாத. எனக்குச் சிரிப்பு வருது. அக்கான்னு சொல்லு," என்றுவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். நான் இரண்டு மொழியில் படித்தவள். அதற்காகவே எங்களைச் சேர்த்து வைத்தார்கள். எங்கள் ஊழியம் முழுவதற்கும் பொறுப்பாக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மிஷன் தலைவருக்கும் அவளுக்கும் நடுவில் நான்தான் வாய். விதிப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

மற்ற ஊழியக்காரர்கள் அவளை 'இடி' என்றார்கள். அவள் குரல் அப்படி. நாலு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே துவைக்கும் இயந்திரங்கள் எட்டும் ஒரே நேரத்தில் சுற்றும்; கத்தாமல் பேசினால் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. வலது முன்கையில் விரல் நீளத்துக்கு மூன்று பழுப்புத் தழும்புகள், துணி தேய்க்கும் சூடான உருளையில் பட்டவை. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும், எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒன்றரை ஆள் நிற்கலாம். அந்த இடத்திலேயே வாரம் ஒருமுறை என்னை வைத்து விரிப்பு மடிப்பாள். நான் முனையை நழுவவிட்டால், "படிச்ச கை பாரு, வெண்ணெய் மாதிரி வழுக்குது," என்பாள்.

தன் பட்டப் பெயர் அவளுக்குத் தெரியும். "இடின்னு சொல்றானுங்களே, நான் வர்றப்ப ஒருத்தனாவது கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சானா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அப்பா லாரி ஓட்டுநர். அம்மாவும் இவளும் சபையில் சேர்ந்தபோது அவர் சேரவில்லை. வாரம் ஒருநாள் வீட்டோடு பேச எங்களுக்கு அனுமதி உண்டு. பேசும்போதெல்லாம் அவர், "என்னம்மா, இந்த வாரம் எத்தனை பேரைக் கவுத்த?" என்று கேட்பார். அவளும் விடமாட்டாள். "உங்களைத்தான் கவுக்க முடியல. லோடு ஜாஸ்தி." பேசி முடித்துவிட்டு ஐந்து நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள். நான் அந்த நேரத்தில் ஒன்றும் கேட்க மாட்டேன்.

காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி செய்து, படித்து, பத்து மணிக்கு வெளியே போனால் இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். சட்டையில் கறுப்புப் பெயர்ப் பட்டை. அதைப் பார்த்துவிட்டு எங்களை யார் யாரோ என்று நினைப்பார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், "வந்துட்டீங்களா? மூணு நாளாக் குழாயில காத்துதான் வருது. கேக்க நாதியில்ல!" என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் தண்ணீர் அலுவலகத்திலிருந்து வரவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை இடித்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் வீட்டு எண்ணை எழுதினாள். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போய், கவுன்டரில் இருந்தவரை அரைமணி நேரம் உலுக்கி எடுத்தாள். "நீங்க யாரும்மா?" என்று அவர் கேட்டபோது, "கடவுள் அனுப்பின ஆளு," என்றாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருத்தர் அவளிடம் குறை சொன்னால் அது அவள் வேலை ஆகிவிடும்.

பேக்கரி அம்மாவை அப்படித்தான் பிடித்தாள். அல்லது அந்த அம்மா இவளைப் பிடித்தார்.

பேக்கரியின் பின்பக்கச் சந்தில், குழாயடியில், கருகிய தட்டுகளைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் வணக்கம் சொன்னதும் நிமிர்ந்தே பார்க்காமல், "கடவுளைப் பத்தியா? பேசுங்க, பேசுங்க. காது சும்மாதான் இருக்கு. கைதான் காலியா இல்ல," என்றார். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தாள். ஐந்து வாரம் அப்படியே போயிற்று. அவர்கள் இருவரும் தேய்ப்பார்கள். நான் நின்றுகொண்டு புத்தகம் வாசிப்பேன்.

எங்கள் சபையில் டீ, காபி கூடாது. அதைச் சொன்ன அன்று அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணுங்களா, நான் ஒரு நாளைக்குப் பதினோரு கிளாஸ் குடிக்கிறவ. என் உடம்புல ஓடுறது ரத்தம்னா நெனைக்கிறீங்க?" என்றார். ஆனால் விட்டார். முதல் வாரம் தலைவலியில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். "உங்க கடவுளுக்கு டீ மேல என்ன கோவம்? யாராவது ஆறிப்போனதைக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டு அக்காவைச் சிரிக்க வைத்தார். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தோம்.

நாலாம் வாரம் ஒருநாள் குழாயை மூடிவிட்டுச் சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபோது அந்த வீட்டு அம்மாளின் சங்கிலியை எடுத்திருக்கிறார். எட்டு மாதம் சிறை. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. "இதைச் சொன்னா சேத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"முன்னாடி ஒரு நேர்காணல் இருக்கு," என்றாள் அக்கா. "அங்க கேப்பாங்க. உண்மையைச் சொல்லிடுங்க. அந்த ரூமுக்குள்ள சொன்னது வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு."

எனக்கு ஒன்று தெரியும். சிறையில் இருந்தவர் என்றால் சாதாரண நேர்காணல் போதாது. தலைவரே வந்து பேச வேண்டும். விதிப் புத்தகத்தில் இருந்தது, நான் படித்திருந்தேன். சொன்னால் தேதி தள்ளிப்போகும். அந்த அம்மா அதற்குள் கடையில் எல்லோரையும் அழைத்துவிட்டிருந்தார். ஏதாவது செய்து சரியாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். எப்போதும் அப்படி இருந்தே எனக்குப் பழக்கம்.

ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிறு. எங்கள் கிளைச் சபை ஒரு மரக்கடைக்கு மேலே, வாடகைக் கூடத்தில் இருந்தது. ஆளை முழுக்க அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுக்க, தார்ப்பாய் மாதிரி தடித்த பிளாஸ்டிக் துணியால் செய்த, கழற்றி மாட்டக்கூடிய தொட்டி. ஒற்றைக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு நிரப்ப மூன்று மணி நேரம் ஆகும். காலையிலிருந்தே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பேக்கரி அம்மா வந்ததும் வராததுமாக வெள்ளை அங்கியை மாற்றிக்கொண்டார். "இப்பவே எதுக்குங்க, நேரமிருக்கே," என்றேன். "இருக்கட்டும் கண்ணு. கசங்காம உக்காந்துக்கறேன்," என்றார். கடையிலிருந்து காசாளர் அம்மாவும் ரொட்டி சுடுகிறவரும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நேர்காணல் செய்ய வட்டாரப் பொறுப்பாளன் வந்தான். இருபது வயது. எங்களில் ஆண் ஊழியக்காரர்களுக்கு 'மூப்பர்' என்று பட்டம்; மீசை சரியாக அரும்பாத மூப்பர். அந்த மாதம் தன் வட்டாரத்தில் எத்தனை ஞானஸ்நானம் என்பதைத் தலைவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்தவன். பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தான். கதவுக்கு வெளியே, கூடத்துப் பக்கம் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதைத் தள்ளிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தான்.

"குழாயை நிறுத்தச் சொல்லுங்க," என்றான். "இன்னைக்கு நடக்காது. திருடிட்டு ஜெயில்ல இருந்தவங்களை நான் எப்படி விடறது? அஞ்சு வாரம் பாடம் எடுத்தீங்களே, இதைக்கூடவா கேட்டுத் தெரிஞ்சுக்கல?"

அவன் மெதுவாகச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னான். கணக்கு தப்பிப் போன கோபம். நேர்காணலில் கேட்டது யார் காதுக்கும் போகக் கூடாது என்று எங்கள் சபை அவனுக்குச் சொல்லித்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தது.

காசாளர் அம்மா திரும்பி ரொட்டி சுடுகிறவரைப் பார்த்தார்.

அவனுக்குப் பின்னால் பேக்கரி அம்மா வெள்ளை அங்கியில் நின்றிருந்தார். கூடத்தின் நடுவழியாக நடந்து, வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.

அக்கா அவனிடம், "நீ மனுஷனாடா?" என்று கேட்டாள். கீழே மரக்கடைக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மாவின் துணிப்பையையும் செருப்பையும் வாரிக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பி, "வாடி!" என்றாள் என்னைப் பார்த்து.

"நீங்க இங்கயே இருங்க, சகோதரி," என்றான் அவன்.

நான் இருந்தேன். ஆக, விதியை மீறித் தனியாகப் போனவள் என்று அவன் அறிக்கை எழுதினானே, அவளைத் தனியாகப் போகவிட்டவள் நான்.

நாலு மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். கண் சிவந்திருந்தது. அந்த அம்மா வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாராம். இவள் வெளியே படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். சாயங்காலம் கதவுக்கு உள்ளிருந்தே அவர் ஒன்றுதான் சொன்னாராம்: "நீ பொறுப்புன்னு சொன்னியே, கண்ணு."

மறுநாள் பேக்கரியில் அவரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்கா என்னை இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"ஒம்பது வருஷமா வேலை பாத்தாங்க. ஒரு பன்னு காணாமப் போயிருக்கா?"

"போகல," என்றார் முதலாளி. மோசமான மனிதர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "இத்தனை நாள் போகல. இனிமே தினம் எண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கணும்ல? எனக்கு எதுக்கும்மா அந்த வேலை?"

"அவங்க மறைச்சிருக்கலாம். மறைக்கலியே! கேட்டதும் உண்மையைச் சொன்னதுக்கா இந்தத் தண்டனை?"

"என்கிட்ட சொல்லலியே. ஒம்பது வருஷத்துல ஒரு நாள் சொல்லலியே. உங்க ஆளே வந்து, நான் பேசினது தப்பு, அந்தம்மா நல்லவங்கன்னு சொன்னா நான் யோசிக்கிறேன். நீ வந்து கத்துனா ஆச்சா?"

அந்த ஒரு பிடி கிடைத்தது அக்காவுக்கு. அவன் வந்து சொன்னால் யோசிப்பார். அவனிடமே போய்க் கேட்டாள். "நான் விதிப்படிதான் நடந்தேன்," என்றான் அவன். அவனை அனுப்பக்கூடியவர் தலைவர் ஒருவர்தான். தலைவர் அழைத்த அன்று பேருந்தில் போகும்போது, சொல்ல வேண்டியதை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். "கொஞ்சம் கடுசா இருக்கோ?" என்று அவளே கேட்டாள். "இருக்கட்டும். நீ மெதுவாக்கிடாத."

அதன்பின் நடந்ததைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

ஏன் மாற்றிச் சொன்னேன் என்று பலமுறை எனக்கே நல்ல காரணங்கள் சொல்லிக்கொண்டதுண்டு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே, பெரியவரிடம் இப்படிப் பேசலாமா, பணிவாகச் சொன்னால் காரியம் நடக்குமே. எல்லாம் பொய். அவள் சொன்னதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: நீ எங்கே இருந்தாய்? சிறை விஷயம் உனக்கு முன்பே தெரியுமா? அவ்வளவுதான். தலைவர் கெட்டவர் இல்லை. அவர் காதில் விழுந்ததற்கு ஏற்றபடி நடந்துகொண்டார். அவளை மன்னித்தார். 'ஓய்வாக இருக்கட்டும்' என்று வேறு ஊருக்கு மாற்றினார்.

திரும்பும் வழியில் பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் கேட்டாள்.

"நான் அவ்வளவு நேரம் கத்தினேன். நீ ரெண்டு வரியில முடிச்சிட்ட. அவங்க மொழி அவ்வளவு சின்னதா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பேக்கரின்னு சொன்னியா இல்லியா? அதுவாவது சொன்னியா?"

"சொல்லலக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து, ஓடும் பேருந்தில் தடுமாறிக்கொண்டே முன்னால் போய் நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். விதி மீறவில்லை.

தலைவர் தம் காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார், நடந்தது என்னவென்று தெரியாமலேயே. போகும்போது எனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். நம்பகமான மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியிருந்தார். அந்தப் பையன் நல்லபடியாக முடித்துவிட்டுப் போனான். பேக்கரி அம்மா ஒரு விடுதியில் கழிப்பறை கழுவும் வேலைக்குப் போனார் என்று கேள்வி. மறுபடியும் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டாராம். குடிக்கட்டும். இடி பதினெட்டு மாதத்தையும் முடித்து அதே சலவைக் கூடத்துக்குத் திரும்பிப் போனாள். இப்போது ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பு. நான் இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

இதற்கெல்லாம் முன்பு, அவளுடைய மாற்றல் நாள் காலை, பேருந்து நிலையத்தில், அவளுடைய புதுத் துணை டிக்கெட் வரிசையில் நின்றிருந்தாள். அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளாக என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. திடீரென்று, அவளுக்கு வராத மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"இங்க வா. எனக்கு ஒண்ணு செய். தலைவருக்கு ஒரு கடுதாசி எழுது. நான் அன்னைக்குச் சொன்னதை எல்லாம் எழுது. அவன் சொன்னது, அந்தம்மா வெறுங்காலோட போனது, முதலாளி சொன்னது, எல்லாம். நீ மாத்திச் சொன்னதையும் எழுது. கீழ உன் பேரைப் போடு. என் பேரு வேணாம். நான் சொன்னா கோவத்துல சொல்றேன்னு நெனைப்பாரு. நீ சொன்னா நம்புவாரு. அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, எழுது. எழுதுவியா?"